அஞ்சூசி

நாற்றுக்காரருக்குக் கண் மங்கிப்போனதைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, கட்டின பெண்டாட்டியும் இல்லை. ரயில்வே கார்டு தன் நிலத்தில் நட்டு வைத்த பைன் கன்றுகள்தான் கண்டுபிடித்தன. அதற்கு அவை கொஞ்சம் வளர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நான் வண்டிக்காரன். நாற்றுப் பண்ணையிலிருந்து கன்றுகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிற வேலை எனக்கு. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது என்று சொன்னால் என் வீட்டிலேயே சிரிப்பார்கள். அந்தப் பண்ணை வீட்டுக்குள் எனக்குத் தெரியாத அலமாரி கிடையாது. இரண்டு அறை, ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல், ஜன்னலடியில் நீள மேஜை. மேஜையின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அவர் பெண்டாட்டி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். பண்ணையாளும் முதலாளியும் எல்லாம் அந்த இரண்டு பேர்தான். ஒரே மகளைத் தூரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அங்கே வளர்ப்பது ஒரே மரம், வெள்ளைப் பைன். பெயரில்தான் வெள்ளை. மரம் வருஷம் முழுக்கப் பச்சையாகத்தான் நிற்கும், அறுத்தால் உள்ளே கட்டை வெளுப்பு. நேராக வளரும், கூச்சமே இல்லாமல் வளரும், பக்கத்தில் இருக்கிற எல்லா மரத்துக்கும் மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். இதை மற்ற பைன்களிலிருந்து பிரித்துச் சொல்வது சுலபம். பைனுக்கு இலை என்பது ஊசிதான், அந்த ஊசிகள் கொத்துக் கொத்தாக வரும். ஒரு கொத்தைக் கிள்ளி அடியைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளைப் பைனுக்கு ஐந்து ஊசி இருக்கும். மற்றவற்றுக்கு இரண்டு, இல்லாவிட்டால் மூன்று. அதனால் பண்ணையில் யாரும் பைன் என்று சொல்ல மாட்டார்கள். அஞ்சூசி, ரெண்டூசி என்பதுதான் பேச்சு. அஞ்சூசி உள்ளங்கையில் மெத்தென்று இருக்கும். ரெண்டூசி முரடு, குத்தும்.

நாற்றுக்காரர் பார்க்காமலே எண்ணுவார். பேசிக்கொண்டே இருப்பார், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒரு கொத்தை உருட்டிக்கொண்டே இருக்கும், "அஞ்சு" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். அது ஒரு கெத்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். கையில் எதையாவது உருட்டாமல் அந்த மனுஷரால் ஒரு நல்லது கெட்டது பேச முடியாது.

பண்ணையின் எல்லாக் கன்றுக்கும் தாய் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பெரிய அஞ்சூசி. அதற்குப் பெயர் பெரியவர். "பெரியவர் இந்த வருஷம் மனசு வச்சிருக்காரு" என்றால் காய் காய்த்திருக்கிறது என்று அர்த்தம். பெரியவர் எல்லா வருஷமும் மனசு வைக்க மாட்டார். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் உச்சியில் நீள நீளமாகக் காய் தொங்கும். அது பச்சையிலிருந்து பழுப்புக்குத் திரும்புகிற சமயத்தில் ஏறிப் பறித்துவிட வேண்டும். விட்டால் காய் விரிந்து, சிறகு முளைத்த விதையெல்லாம் காற்றோடு போய்விடும். நாற்றுக்காரர் இடுப்பில் பெல்ட் கட்டி, கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு ஏறுவார். வருஷத்துக்கு ஒரு அடுக்கு கிளை விடுகிற மரம், ஏணி மாதிரி படி படியாக இருக்கும்.

மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு ஏறிய முதல் தடவை, இறங்கி வந்ததும் அக்காவிடம் சொன்னார்.

"உச்சியிலேருந்து பாத்தா நம்ம பொண்ணு ஊருத் தண்ணித் தொட்டி தெரியுதும்மா."

"நிஜமாவா? எப்படி இருக்கு?"

"உருண்டையா, நீலமா. வெயில் பட்டுப் பளபளன்னு இருக்கு."

அக்காவுக்கு முகமே மாறிப்போனது. அன்றைக்கு எனக்கும் சேர்த்து இரண்டு தடவை சோறு போட்டாள். அடுத்த தடவை அவர் ஏறியபோது கீழேயிருந்தே, "தொட்டி தெரியுதா?" என்று கத்தினாள். "தெரியுது, தெரியுது!" என்று மேலேயிருந்து பதில் வந்தது. அந்த ஊருக்கு நான் எத்தனையோ நடை போனவன். நடுவில் ஒரு முழுக் குன்று படுத்திருக்கிறது. பெரியவர் மேல் இன்னொரு பெரியவரைத் தூக்கி நிறுத்தினாலும் அந்தத் தொட்டி தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாய் மூடிக்கொண்ட சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

விதையைக் காய்களிலிருந்து உதிர்த்து, சிறகைத் தேய்த்து ஊதிவிட்டு, ஈர மணலோடு கலந்து டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். குளிர் பட்டால்தான் அது கண் விழிக்கும். குளிர்காலம் முழுக்க அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் பாலும் விதையும் ஒன்றாகத்தான் இருக்கும். பிறகு பாத்தியில் விதைத்து, எலியும் குருவியும் தின்னாமல் கம்பி வலை போட்டு மூடுவார்கள். முளைத்தபின் தண்ணீர் கூடினால் நாற்றழுகல் வந்து வரிசை வரிசையாகக் கழுத்து ஒடிந்து சாய்ந்துவிடும். தண்ணீர் அக்கா பொறுப்பு. தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவாள்.

அவர் பொறுப்பு விருந்தாளி.

பண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் மரம் அறுக்கிற மில். மில் வேலியோரம் ஒரு பெரிய ரெண்டூசி நிற்கிறது. அதன் விதை காற்றில் வந்து பாத்தியில் விழும். கூப்பிடாமல் வந்து நம் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்துவிடும் என்பதால் அதற்கு விருந்தாளி என்று பெயர். அதைத் தேடிப் பிடுங்கிப் போட வேண்டும். சிக்கல் என்னவென்றால், முதல் வருஷத்தில் எந்தப் பைனுக்கும் கொத்தே வராது. ஊசி ஒற்றை ஒற்றையாக வரும். எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. நிறத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அஞ்சூசிப் பிள்ளைக்கு உடம்பில் லேசாக ஒரு நீலம் ஓடும், ரெண்டூசிக்கு வெறும் புல் பச்சை. காலையில் தண்ணீர் தெளித்த பிறகு, சாய்ந்த வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அக்காவை அதில் விடவே மாட்டார். "உன் கைக்கு அவசரம். நீலத்தையும் சேத்துப் புடுங்கிருவ" என்பார்.

கன்றுகளை மூன்றாம் வருஷத்தில்தான் விற்பார்கள். ரயில்வே கார்டு ஒருத்தர்தான் அடம்பிடித்து ஒரு வயசுக் கன்றாக வாங்கிப் போனவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த கையோடு கொஞ்சம் நிலம் வாங்கி, வாசல் வரைக்கும் ஒரு வரிசை அஞ்சூசி நட வேண்டும் என்று வந்து நின்றார்.

"வளந்த கன்னாத் தர்றேன் சார், நட்டதும் புடிச்சுக்கும்" என்றார் நாற்றுக்காரர்.

"வேணாம். குழந்தையாக் குடுங்க. வாழ்நாள் பூரா ஓடிக்கிட்டே இருந்துட்டேன்யா. ஒரு இடத்துல நிக்கற சாமான் ஒண்ணு வேணும் எனக்கு. அதையும் முதல்லேருந்து நானே பாக்கணும்."

கொடுத்தார்கள். நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். பிறகு சில வருஷம் அவரை எல்லோரும் மறந்துவிட்டோம்.

ஒரு நாள் முற்பகலில், துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன், பைகளுக்கு மண் நிரப்பிக் கொடுத்துக்கொண்டு. கார்டுக்குக் குரல் ரயிலுக்கு அந்தக் கோடியில் இருக்கிறவனுக்கும் கேட்கிற குரல். பையிலிருந்து இரண்டு கிளைத் துண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இத எண்ணுங்க."

"எண்ண என்ன சார் இருக்கு? நம்ம கன்னுதான?"

"எண்ணுங்கன்னா எண்ணுங்க. பெட்டிய எண்ணி எண்ணியே வண்டிய அனுப்புனவன் நான். எனக்கு எண்ணத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிராதீங்க."

நாற்றுக்காரர் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கையில் எடுத்தார். விரல் உருண்டது. "அஞ்சு."

"சரி. அடுத்தது?"

அடுத்ததை எடுத்தார். விரல் உருண்டது, நின்றது. இன்னொரு கொத்தைக் கிள்ளினார். மறுபடியும் நின்றது. அவர் எண்ணி முடித்து எதுவும் சொல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"நான் சொல்லட்டுமா? ரெண்டு" என்றார் கார்டு. "வரிசையில பாதி இப்படித்தான் நிக்குது. ஒண்ணு பட்டு மாதிரி இருக்கு, பக்கத்துலயே ஒண்ணு தொடப்பம் மாதிரி இருக்கு. மண்ணுதான் சரியில்லையோன்னு ரெண்டு வருஷமா உரம் போட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

அக்கா மண் கையோடு எழுந்து வந்தாள். "நம்ம கன்னுல ரெண்டூசியா? இருக்கவே முடியாதுண்ணே. இவரு ஒவ்வொண்ணாப் பாத்துல்ல குடுத்தாரு?"

நாற்றுக்காரர் கையிலிருந்த கிளையை மேஜையில் வைத்தார். அக்கா பக்கம் திரும்பிச் சொன்னார்.

"அந்த வருஷம் ஃப்ரிட்ஜுல ரெண்டு டப்பா இருந்துச்சு. மில்லுக்காரரு கேட்டாருன்னு ரெண்டூசி விதையும் ஒரு டப்பா வச்சிருந்தோம். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீ அத எடம் மாத்தி வச்சேல்ல?"

அக்கா யோசித்தாள். "ஒரு நாள் நீங்க மீன் வாங்கிட்டு வந்தீங்க. எடம் இல்லன்னு மேல் தட்டுல இருந்தத கீழ வச்சேன். அப்பவா மாறிப்போச்சு?"

"அப்பதான் மாறியிருக்கும்."

அவ்வளவுதான். கேஸ் முடிந்துவிட்டது. அக்கா கார்டு பக்கம் திரும்பி, "அண்ணே, தப்பு என் மேலதான். நானே வந்து ரெண்டூசியப் புடுங்கிட்டு நல்ல கன்னா மாத்தி நட்டுத் தர்றேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். அவள் அப்படிக் கும்பிடுவது போல் சொன்னதும் கார்டின் குரலே இறங்கிவிட்டது. "அய்யய்யோ, விடு தங்கச்சி. சண்டை போடவா வந்தேன்? கேக்கத்தான வந்தேன்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க அக்கா அக்காவாக இல்லை. ஃப்ரிட்ஜைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். விதை டப்பாவுக்குச் சிவப்புத் துணி கட்டினாள். மீன் வாங்கி வரக் கூடாது என்று சட்டம் போட்டாள். "ஒரு மனுஷன் ஆசை ஆசையா நட்டது தம்பி. வருஷக் கணக்கா உரம் போட்டிருக்காரு பாவம். படுத்தா தூக்கம் வரல, அந்த டப்பாதான் கண்ணு முன்னால வருது" என்றாள் என்னிடம். நாற்றுக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "விடும்மா, ஆனது ஆச்சு" என்றார் ஒரு தடவை. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மழை ஓய்ந்து மண் இளகியிருந்த நாளில் அக்காவையும் மூன்று வயசுக் கன்றுகளையும் ஏற்றிக்கொண்டு கார்டின் நிலத்துக்குப் போனேன். நாற்றுக்காரர் வரவில்லை, பாத்தியில் வேலை இருக்கிறது என்றார். கார்டின் வரிசை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முழங்காலுக்கு மேல் வளர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குச்சி நட்டு, தூரைச் சுற்றி வட்டமாகக் கல் அடுக்கி வைத்திருந்தார். பெற்ற பிள்ளைக்குக் கூட அவ்வளவு செய்திருப்பாரா தெரியாது.

அக்கா கடப்பாரையை என்னிடம் கொடுத்துவிட்டு, வரிசையின் தலையிலிருந்து ஒவ்வொரு கன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். ரெண்டூசிக்கெல்லாம் ஒரு நூல் கட்டிவிட்டுப் போக, பின்னாலேயே நான் தோண்டுவதாக ஏற்பாடு.

"அஞ்சு. அஞ்சு. ரெண்டு. அஞ்சு. ரெண்டு, ரெண்டு. அஞ்சு."

பாதி தூரம் போனவள் நின்றாள். திரும்பி, கட்டிய நூல்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தாள்.

"தம்பி, டப்பா மாறிப்போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"இதோ, இப்படித்தான் ஆகியிருக்கும்."

"இல்ல. ஒரு டப்பாவுக்குப் பதிலா இன்னொரு டப்பாவ விதைச்சிருந்தா வரிசை பூரா ரெண்டூசியாவுல்ல இருக்கணும்? இது ஊடால ஊடால நிக்குதே."

"டப்பா கவுந்து ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கும்கா."

"மூடி போட்ட டப்பா. இறுக்கி மூடினது நான்." அவள் தூர் ஓரத்துக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இது டப்பா இல்ல தம்பி. இது விருந்தாளி. மில்லு மரத்து விதை. அவரு புடுங்காம விட்டது."

"அண்ணனா? அவரு விடுவாரா? ஒண்ணு ரெண்டு விட்டிருப்பாரு."

"பாதி வரிசைடா!" என்றாள். என்னை அவள் டா போட்டது அப்போதுதான். "பாதிய விட்டிருக்காரு. மத்தவங்களுக்கெல்லாம் மூணாம் வருஷத்துல குடுக்கறோம், அப்ப கொத்து வந்துடும், வெரல்ல எண்ணிப் பிரிச்சிடறாரு. அதனால யாரும் வந்து கேக்கல. இவருக்குத்தான் கொத்து வராத கன்னாக் குடுத்தோம். அத வெரல்ல பாக்க முடியாது. கண்ணாலதான் பாக்கணும்."

கார்டு வீட்டுக்குள் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"அவருக்கு நீலம் தெரியல தம்பி" என்றாள்.

அப்புறம் எழுந்து மீதி வரிசையையும் எண்ணி முடித்தாள். மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றி, மண்ணை மிதித்து, தண்ணீர் ஊற்றி, கார்டு கல் அடுக்கின மாதிரியே திரும்ப அடுக்கினாள். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. திரும்பி வருகிற வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். நான் பேச்சுக் கொடுக்கப் பார்த்தேன், எடுபடவில்லை.

பிடுங்கிய ரெண்டூசிகளை எங்கே போடுவது என்று கேட்டேன். குப்பைக் குழிக்கு அந்தப் பக்கம் போடச் சொன்னாள். பண்ணையின் கடைசி மூலை அது, மில் வேலியை ஒட்டி. அக்காவுக்கு அங்கே வேலை இருந்ததில்லை. குழியில் கொட்டுவது எப்போதும் அவர்தான். வண்டியை அது வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு இறங்கினால், குழிக்குப் பின்னால் ஒரு சின்னப் பைன் காடே நின்றது.

"மில்லு மரத்து விதை விழுந்து தானா மொளைச்சதுன்னுல்ல நெனைச்சிருந்தேன். தூரத்துலேருந்து பாத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போன அக்கா, ஒரு கன்றின் அருகில் போய் நின்றாள். அதைக் குச்சியோடு சேர்த்து ஒரு துணிக் கிழிசலால் கட்டியிருந்தது. கட்டம் போட்ட துணி. அடுத்ததில் கோடு போட்ட துணி. எல்லாம் நாற்றுக்காரரின் பழைய சட்டைகள். "தரை துடைக்கத் தேடினேன், காணோம்னாரே" என்றாள் அக்கா.

எல்லாம் ரெண்டூசி. மூன்றாம் வருஷத்தில் விரல் கண்டுபிடித்துக் கழித்த விருந்தாளிகளைத் தூக்கிப் போடாமல் இங்கே கொண்டுவந்து நட்டு வைத்திருக்கிறார். சில கன்று இடுப்பளவு, சில தோளளவு, கடைசியில் இருந்தது என்னைவிட உயரம். அக்கா அந்த உயரமானதன் முன்னால் நின்று, கீழேயிருந்து மேலே கிளை அடுக்குகளைக் கையால் தொட்டுத் தொட்டுப் போனாள். வருஷத்துக்கு ஒரு அடுக்கு. முதல் ஓரிரண்டு வருஷம் பிள்ளைப் பருவம், அப்போது அடுக்கு வராது, அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உதடு மட்டும் அசைந்தது. எண்ணி முடித்தவள் மறுபடியும் கீழேயிருந்து எண்ணினாள்.

"பொண்ணு கல்யாணத்து வருஷம்" என்றாள். "அந்த வருஷத்துப் பாத்தி இது. அப்பவே ஆரம்பிச்சிருச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

வண்டிச் சத்தம் கேட்டு நாற்றுக்காரர் வந்துகொண்டிருந்தார். குழி மேட்டைக் காலால் தடவி ஏறி வருவதை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன். அத்தனை வருஷமும் அது அவர் நடை என்றுதான் நினைத்திருந்தேன்.

"என்ன, எல்லாம் மாத்தியாச்சா?" என்றார்.

"ஆச்சு" என்றாள் அக்கா. "இங்க வாங்க. இது என்ன கலருன்னு சொல்லுங்க." கன்றில் கட்டியிருந்த துணியைக் காட்டினாள்.

அவருக்கு விளங்கிவிட்டது. நான் வண்டிக்குப் பின்னால் போய், காற்று நன்றாகவே இருந்த டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன்.

"எது? தெரியலம்மா" என்றார். குரலில் ஒரு மறைப்பும் இல்லை, களைப்புதான் இருந்தது. "இடது கண்ணுல ஒண்ணுமே இல்ல. வலதுல நெழலு மாதிரி வருது. பச்சையா நீலமான்னு தெரியல. ரொம்ப நாளாத் தெரியல."

"எதுக்கு மறைச்சீங்க?"

"சொன்னா மரம் ஏற விட மாட்ட. பாத்தியில உக்கார விட மாட்ட. நாற்காலியில போட்டு வச்சிருவ. நான் வேற என்ன செய்வேன், எனக்கு இதுதான தெரியும்?"

"இதுங்கள எதுக்கு நட்டீங்க?"

"தூக்கிப் போட மனசு வரல. நான் பாக்காம விட்டதுக்கு அதுங்க என்ன பண்ணும்?"

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கண்ணு போனா போகட்டும்ங்க. நான் இருக்கேன். அதுக்கு நான் கோவப்படல. ஃப்ரிட்ஜுல நான் டப்பாவ மாத்தி வச்சேன்னு சொன்னீங்களே. அந்த மனுஷன் முன்னால நான் தலைகுனிஞ்சு நின்னேனே. பேசாம இருந்தீங்களே."

"அந்த நேரத்துல வாயில வந்துருச்சு."

"வாயில வந்தத திருப்பி எடுத்துக்க எத்தனை நாள் இருந்துச்சு? நான் தூங்காம புரண்டுக்கிட்டுக் கெடந்தேன், பக்கத்துலதான படுத்திருந்தீங்க? அது கண்ணுக்குத் தெரிய வேணாம், காதுக்குக் கேட்டிருக்குமே?"

அவர் குனிந்து, கன்றில் கட்டியிருந்த துணி முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனுஷர் மேல் பாவமாகவும் இருந்தது, இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது.

அடுத்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். என் வண்டிதான். அரை நாள் உட்கார வைத்து, சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்துப் பார்த்தார்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை போனதுதான், மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாற்றி வைக்கலாம் என்றார் டாக்டர். முன்னாலேயே வந்திருக்கலாமே என்றும் கேட்டார். அக்கா நாற்றுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் பண்ணையில் சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவாள். சோறு போடுவாள். "தலைய நிமித்துங்க", "கண்ண மூடுங்க", "தட்டுக்கு வலது பக்கம் தண்ணி." அவ்வளவுதான் பேச்சு. பாத்தியில் காலை வெளிச்சத்தில் இப்போது அவள் உட்கார்ந்து விருந்தாளி பிடுங்கினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பிடுங்கிப் போட்டதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். தொட்டால் ஒன்றும் தெரியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். முன்பெல்லாம் அந்த வீட்டில் நான் பேச இடமே கிடைக்காது. இப்போது நான் ஒருத்தன்தான் பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம்தான் ஒருத்தன் தனியாகப் பேசுவது?

பெரியவர் அந்த வருஷம் பார்த்து மனசு வைத்தார். உச்சியில் நிறையக் காய்.

"ஆள் யாரையாவது கூப்பிட்டு ஏறச் சொல்லலாம்கா" என்றேன். "தெரியாத ஆளு கொம்ப ஒடிச்சிருவான்" என்றார் நாற்றுக்காரர். "நான் ஏறறேன். கண்ண மூடிக்கிட்டுக்கூட ஏறுவேன் நான்."

"ஏறுவீங்க. காய் பழுத்துச்சான்னு எத வச்சுப் பாப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, அக்கா கொட்டகைக்குள் போனாள். வெளியே வந்தபோது அவருடைய பழைய கால்சட்டையைப் போட்டு இடுப்பில் பெல்ட்டைக் கட்டியிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, உங்களுக்கு என்ன வயசாகுது தெரியுமா?" என்றேன். "உனக்கு எதுக்கு அது, கயித்தப் புடி" என்றாள்.

நாற்றுக்காரர் கிட்டே போய், பெல்ட்டைத் தடவி, முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்டார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு கயிற்றில் என் கைக்கு முன்னால் அவர் கையையும் வைத்துக்கொண்டார்.

அவள் ஏற ஏற, அவர் கீழேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை. கயிறு எவ்வளவு போகிறது என்பதை வைத்தே சொன்னார்.

"இப்ப வலது பக்கம் ஒரு மொட்டைக் கொம்பு இருக்கும். அதுல கால் வைக்காத. உளுத்துப்போயிருக்கு."

"ஆமா, இருக்கு."

"இடது பக்கத்துது கெட்டி. அதுல நில்லு. மூச்சு வாங்கிக்க. அடுத்த அடுக்கு கொஞ்சம் எட்டம். அடிமரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான் எட்டணும்."

"எட்டிட்டேன்."

"பிசின் ஒட்டும். வழுக்காது. பயப்படாத."

"யாரு பயப்பட்டா?"

மேலே போகப் போக அவள் மறைந்துவிட்டாள். ஊசிகள் மட்டும் அசைந்தன. கயிறு நின்றது. உச்சிக்கு வந்துவிட்டாள். அவள் குரலைக் காணோம்.

நாற்றுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. விழுந்துவிடுவாள் என்ற பயமில்லை அது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தம்பி, அந்தத் தண்ணித் தொட்டி..." என்றார்.

"தெரியும்ணே. நடுவுல குன்று இருக்கு."

"உனக்குத் தெரியுமா?"

"நான் வண்டிக்காரன்ணே."

"அவ ஏங்கிக்கிட்டிருந்தா. அதான் சும்மா சொல்லி வச்சேன்" என்றார். கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "ஏற்கெனவே ஒரு பொய்க்கே மன்னிக்கல. இப்ப இதையும் பாத்துட்டு எறங்கப் போறா."

மேலே காற்று அடித்துப் பெரியவர் லேசாக அசைந்தார். அந்தச் சத்தம் அடங்குவதற்கு நேரம் பிடித்தது. அப்புறம் மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க!"

"என்னம்மா?"

"தொட்டி தெரியுதுங்க!"

அவர் வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. நான்தான் முழங்கையால் இடித்தேன்.

"தெ... தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. நீங்க சொன்ன மாதிரியே. உருண்டையா, நீலமா."

நாற்றுக்காரர் கயிற்றை விடாமல், தோளில் முகத்தை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை தேய்த்துக்கொண்டார். காலையில் விட்ட சொட்டு மருந்தெல்லாம் போயிருக்கும். நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அது இருக்கட்டும்!" என்று அவர் மேலே பார்த்துக் கத்தினார். பல மாதமாக இல்லாத பழைய அதட்டல். "தொட்டியவே பாத்துக்கிட்டு நிக்காத. காய் என்ன கலரு, அதச் சொல்லு முதல்ல."

"பாதி பச்சை, பாதி பழுப்பு."

"அப்ப பறி" என்றார்.